520 இலிருந்து 512க்கு: கழித்துவிட்ட எஸ்எஸ்டிகளில் ஒரு சேர்வர் பூட் ஆன விதம்

"அன்சப்போர்ட்டட் செக்டர் சைஸ் 520." லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னல், இந்தச் செக்டர் அளவு (டிஸ்க் தரவை எழுதும் சிறு துண்டின் அளவு) தனக்கு ஆகாது என்று தன் பதிவில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, 400 ஜிபி எஸ்எஸ்டியின் கொள்ளளவைப் பூச்சியம் என்று காட்டும். டிரைவின் பெயர் தெரியும், தொடரிலக்கம் தெரியும், வெப்பநிலைகூடத் தெரியும். ஆனால் அதில் ஒரு பைட் எழுத முடியாது. டேட்டா சென்டர்களில் இருந்து கழித்துவிட்ட எஸ்ஏஎஸ் (சேர்வர்களுக்கான டிஸ்க் இணைப்பு முறை) எஸ்எஸ்டிகளை வாங்கும் பலர் இந்த இடத்திலேயே "இது செத்த டிரைவ்" என்று முடிவுகட்டி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். அது சாகவில்லை. அப்படியான டிரைவ்களை மீட்டெடுத்து, ஒரு சேர்வரை அவற்றில் இருந்து பூட் ஆக வைத்தது வரை நடந்ததை இங்கே முழுவதுமாக எழுதுகிறேன். தமிழில் இதைத் தேடுபவருக்கு ஒரு இடத்திலாவது கிடைக்கட்டும்.

சேர்வர் திருகோணமலை நகரில், மத்திய வீதிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்டூடியோவினுடையது. கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று பல வருடங்களாக எடுத்த படங்களும் வீடியோக்களும் அதில்தான் இருக்கின்றன. படங்கள் இருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்குகள் நல்ல நிலையில் இருந்தன. இயங்குதளம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்தான் தள்ளாடத் தொடங்கியிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை ஏறியது. ஸ்டூடியோவை நடத்தும் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, படங்களுக்கு ஒண்டும் ஆகாதுதானே?" ஆகாது. ஆனாலும் பூட் டிஸ்க் போய்விட்டால், படங்கள் பத்திரமாக இருந்தும் எடுக்க முடியாமல் ஒரு கல்யாண சீசன் முழுக்க நிற்க வேண்டிவரும்.

கடையில் ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போடலாம். வீட்டுக் கணினி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே கணக்கு வேறு. நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதுமே இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால், மலிவான எஸ்எஸ்டிகள் இடைநினைவில் வைத்திருந்ததை இழந்துவிடும். சிலவேளை எந்தத் தரவு எந்தச் சில்லில் இருக்கிறது என்ற உள் அட்டவணையே குழம்பி, டிரைவ் மொத்தமாக எழும்பாமல் போகும். சேர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டிகளின் பலகையில் வரிசையாகக் கொள்ளளவிகள் இருக்கும். மின்சாரம் போனதும் அவற்றில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தைக் கொண்டு, கையில் உள்ளதை எழுதி முடித்துவிட்டுத்தான் அவை அணையும். அப்படிப்பட்ட டிரைவைப் புதிதாக வாங்குவது, 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறிய பிறகு, ஒரு சிறிய ஸ்டூடியோவுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கொழும்பில் பழைய சேர்வர் பாகங்கள் விற்பவர் ஒருவரிடம் 400 ஜிபி எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மூன்று எடுத்தேன். இரண்டு ஓடுவதற்கு, ஒன்று கைவசம் இருக்க. அவை ஸ்டோரேஜ் பெட்டியில் (நிறைய டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய தரவுக் களஞ்சியம்) இருந்து கழற்றியவை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். 520 பைட் வரும் என்று எனக்கும் அப்போதே தெரியும்.

இந்த வேலை முழுவதிலும் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரைவ் லினக்ஸுக்குத் தெரிகிறதா என்பது பூட் ஆவதற்கான கேள்வியே அல்ல. சேர்வரைப் போட்டதும் முதலில் விழிப்பது மதர்போர்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் சிறு மென்பொருளான ஃபேர்ம்வெயர் (பழைய முறை பயோஸ், புதிய முறை யூஇஎஃப்ஐ). லினக்ஸிடம் இருக்கும் ஆயிரக்கணக்கான டிரைவர்களில் எதுவும் அப்போது அதன் கையில் இல்லை. டிஸ்க்குகளை இணைக்கும் கார்டின் ரொம் (அதன் நிலையான நினைவகம்), செக்டர் அளவு, பார்ட்டிசன் அட்டவணை, கோப்பு முறைமை என்று ஒவ்வொரு படியையும் அந்த ஃபேர்ம்வெயரால் படிக்க முடிந்தால்தான் பூட். எங்கே ஒரு படி தவறினாலும் மேலே செய்த வேலை எல்லாம் இருந்தும் பயனில்லை.

இதே காரணத்துக்காகத்தான், பிசிஐஇ வழியே நேரடியாக இணையும் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இயைத் தொடவில்லை. இந்த மதர்போர்ட் 2013 காலத்தது. பிசிஐஇ அடப்டரில் ஒரு என்விஎம்இ டிரைவைச் சொருகினால் லினக்ஸ் அழகாகக் கண்டுகொள்ளும், வேகமும் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் ஃபேர்ம்வெயருக்குள் என்விஎம்இ டிரைவர் இல்லை, ஆகவே பூட் பட்டியலில் அது வராது. பூட் பார்ட்டிசனை மட்டும் ஒரு பென் டிரைவில் வைத்து அதைத் தாண்டிப் போகும் வழி இருக்கிறது. படங்களுக்குப் பொறுப்பான ஒரு சேர்வர், யாரோ கழற்றிக்கொண்டு போகக்கூடிய பென் டிரைவை நம்பி எழும்புவதை நான் விரும்பவில்லை.

520 என்ன கணக்கு?

சாதாரண டிஸ்க்கில் ஒரு செக்டருக்கு 512 பைட். நெட்ஆப், ஈஎம்சியின் கிளாரியன், விஎன்எக்ஸ் போன்ற ஸ்டோரேஜ் பெட்டிகள் ஒவ்வொரு 512 பைட்டுக்கும் பின்னால் இன்னும் 8 பைட் சேர்த்து எழுதும். தான் எழுதியதும் இப்போது படிப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் தகவல் அது. ஐபிஎம்மின் ஏஎஸ்400 குடும்பமும் இதே வழக்கத்தில் வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வரை இது நல்ல ஏற்பாடு. வெளியே வந்ததும் யாருக்கும் அது புரியாது. லினக்ஸின் டிஸ்க் டிரைவர் 512, 1024, 2048, 4096 என்ற அளவுகளை மட்டும் ஏற்கும். 520 என்றால் கொள்ளளவைப் பூச்சியமாக்கிவிட்டு ஒதுங்கிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று இருக்கிறது. எஸ்ஏஎஸ் டிரைவ்கள் பேசும் ஸ்கஸி தரத்திலேயே டி10 பாதுகாப்புத் தகவல் என்று ஒன்று உண்டு. அதுவும் 8 பைட்தான்: 2 பைட் சரிபார்ப்பு எண், 2 பைட் செயலிக்கான குறி, 4 பைட் முகவரிக்கான குறி. அப்படி ஃபோர்மட் செய்த டிரைவ் தன்னை 512 என்றே சொல்லிக்கொள்ளும், ஆனால் பாதுகாப்பு இயக்கத்தில் இருக்கிறது என்று தனியாக ஒரு கொடி காட்டும். 520ஐ 512 ஆக்கும்போது இதையும் சேர்த்து அணைக்காவிட்டால், எண்ணைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிட்டு, பிறகு பூட் நேரத்தில் ஏன் படிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

செக்டர் அளவை மாற்ற டிரைவோடு நேரடியாகப் பேசும் கார்ட் வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரேய்ட் கார்டுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட டிரைவை "ஆதரவில்லை" என்று காட்டிவிட்டு, கீழே எதையும் கடத்திவிடாது. நான் எடுத்தது எல்எஸ்ஐ 9211-8ஐ, உள்ளே எஸ்ஏஎஸ்2008 சில்லு, ஐடி முறை ஃபேர்ம்வெயர் 20.00.07.00. ஐடி முறை என்றால் கார்ட் ரேய்ட் எதுவும் செய்யாமல் டிரைவை அப்படியே காட்டும். கார்டில் எஸ்எஃப்எஃப்-8087 போர்ட் இரண்டு. அதில் இருந்து டிரைவ் பக்கம் எஸ்எஃப்எஃப்-8482 ஆகப் பிரியும் கேபிள். எஸ்ஏஎஸ் டிரைவின் இணைப்பியில் நடுப்பள்ளம் அடைத்திருக்கும், ஆகவே சாட்டா கேபிளில் அது ஏறாது. அழுத்தி ஏற்ற முயல வேண்டாம்.

ஃபோர்மட்

தொடங்கும் முன் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளின் தரவுக் கேபிளையும் மின் கேபிளையும் இரண்டையும் கழற்றினேன். இதைக் கவனத்துக்காக என்று சொல்லித் தாண்டிப்போக மனமில்லை. செக்டர் ஃபோர்மட் கட்டளை ஒரு எழுத்துப் பிழையில் வேறு டிஸ்க்குக்குப் போனால் திரும்பி வருவதற்கு எதுவும் இருக்காது. சாதாரணமாகப் பார்ட்டிசனை அழித்தால் மீட்கும் மென்பொருள் உண்டு. இதற்கு இல்லை. வேலை செய்யும் டிரைவைத் தவிர வேறொன்றும் பெட்டிக்குள் மின்சாரத்தோடு இருக்கக் கூடாது. யூபிஎஸ் கட்டாயம்.

டெபியன் 12 லைவ் பென் டிரைவில் பூட் செய்து, எஸ்ஜி3-யூட்டில்ஸ், எல்எஸ்ஸ்கஸி, ஸ்மார்ட்மொன்டூல்ஸ், ஜிடிஸ்க் ஆகிய பொதிகளைப் போட்டேன். எல்எஸ்ஸ்கஸிக்கு ஜி என்ற தெரிவைக் கொடுத்தால் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய எஸ்ஜி எண்ணை, அதாவது கட்டளைகளை நேரடியாக அனுப்பும் வழியைக் காட்டும். கொள்ளளவு பூச்சியமாக இருந்தாலும் அந்த எஸ்ஜி வழியாக டிரைவோடு பேசலாம்.

முதலில் ஸ்மார்ட் அறிக்கை. எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டியில் பார்க்க வேண்டிய வரி, பயன்படுத்தி முடித்த ஆயுளின் சதவீதம். மூன்றும் ஒற்றை இலக்கத்தில் இருந்தன. அதற்குப் பிறகு, புதிதாகச் சேர்ந்த பழுதுகளின் பட்டியல் எண்ணிக்கை. அது பூச்சியம். டேட்டா சென்டர்கள் உத்தரவாதக் காலம் முடிந்ததும் கழிப்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆயுள் 60, 70 சதவீதம் போயிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு டிரைவ்கள் எதிர்பார்த்தபடி 520 காட்டின. மூன்றாவது வேறு பதில் சொன்னது: "மீடியம் ஃபோர்மட் கரப்டட்". இதற்கு முன் யாரோ ஃபோர்மட் செய்யத் தொடங்கி, முடியும் முன்பே மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வன்பொருள் பழுதல்ல. அரைகுறையாக நின்ற ஃபோர்மட்டை மறுபடி முழுமையாக ஓடவிட்டால் போதும்.

கட்டளை இதுதான், தமிழ் எழுத்தில் சொன்னால்: எஸ்ஜி_ஃபோர்மட் --ஃபோர்மட் --சைஸ்=512 --எஃப்எம்டிபின்ஃபோ=0 /டெவ்/எஸ்ஜி2. சைஸ் என்பது புதிய செக்டர் அளவு. அடுத்த பூச்சியம் பாதுகாப்புத் தகவலை அணைப்பது. கடைசி எண் ஒவ்வொரு கணினியிலும் மாறும். என்டர் தட்டியதும் எஸ்ஜி_ஃபோர்மட் 15 செக்கன் அவகாசம் தந்து எண்ணும். அந்த 15 செக்கனில் திரையில் வரும் தொடரிலக்கத்தையும் டிரைவின் ஸ்டிக்கரில் உள்ளதையும் பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் கொன்ட்ரோல்-சி.

4096 என்று கொடுக்கலாமே என்று உதவிக்கு நின்ற தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இப்போதைய டிஸ்க்குகள் உள்ளே 4096இல்தான் வேலை செய்கின்றன. ஆனால் பழைய பயோஸ் பூட் முறை செக்டர் என்றால் 512 என்றே எடுத்துக்கொள்ளும். 4096 டிரைவில் இருந்து பூட் செய்ய யூஇஎஃப்ஐ வேண்டும், அதுவும் ஒழுங்காக எழுதிய யூஇஎஃப்ஐ வேண்டும். 2013இன் பலகையை நம்பி அந்த வழியில் இறங்கத் தேவையில்லை. 512 எல்லாருக்கும் புரியும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் இந்த ஃபோர்மட் மணிக்கணக்கில் போகும். எஸ்எஸ்டியில் நிமிடக் கணக்குத்தான். நிமிடத்துக்கு ஒருமுறை சதவீதம் திரையில் வரும். முடிந்ததும் சேர்வரை முழுவதுமாக அணைத்துப் போட்டேன், ஏனென்றால் கேர்னல் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கக்கூடும். திரும்ப வந்தபோது மூன்று டிரைவும் 781,422,768 செக்டர் என்றன. அதாவது 781 மில்லியனும் சொச்சமும். 400 ஜிபி என்று விற்கும் டிஸ்க்குக்குத் தொழில்துறை வைத்திருக்கும் எண்ணும் அதுவேதான். ஃபோர்மட் குறையின்றி நடந்ததற்கு இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. குழம்பிக் கிடந்த அந்த மூன்றாவதும் அதே எண்ணைக் காட்டியபோது உண்மையில் மனம் நிறைந்தது. ஒரு பொருள் குப்பைக்குப் போகாமல் தப்பியது.

பிறகு ஒவ்வொன்றையும் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டேன். ஒரு தடவை முழுவதும் எழுதுவதால் இந்த வகை டிரைவின் ஆயுளில் குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒரு டிரைவில் மட்டும் எஸ்ஏஎஸ் இணைப்பின் பிழை எண்ணி ஏறிக்கொண்டிருந்தது. ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்ஏஎஸ்ஃபை பதிவைக் கேட்டால் இது தெரியும். டிரைவை மற்றக் கேபிளுக்கு மாற்றினேன், ஏறுவது நின்றது. பழைய கேபிளின் இணைப்பியில் மங்கலான பச்சைப் படிவு. கடலில் இருந்து எட்டி நடக்கும் தூரத்தில் இருக்கும் ஊரில் இது புதுமையில்லை. வாடைக்காற்று மாதங்களில் கதவைச் சாத்தி வைத்தாலும் உப்பு உள்ளே வரும். ஐசோபுரோபைல் அல்கஹோல் போட்டுத் துடைத்தாலும் அந்தக் கேபிளை நான் மறுபடி பயன்படுத்தவில்லை.

லினக்ஸ் பார்க்கிறது, பயோஸ் பார்க்கவில்லை

இனி எல்லாம் சுலபம் என்று தோன்றும் இடம் இது. டிரைவ்கள் ஆரோக்கியம், 512, லினக்ஸில் எல்லாம் தெரிகிறது. சேர்வரின் பூட் பட்டியலைத் திறந்தால் ஒன்றையும் காணோம்.

ஃபேர்ம்வெயருக்கு எஸ்ஏஎஸ் கார்டோடு பேசத் தெரியாது. கார்ட் தன் ரொமில் ஒரு சிறிய டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். கார்டின் முதன்மை ஃபேர்ம்வெயர் வேறு, இந்தப் பூட் ரொம் வேறு. நிறைய டிஸ்க் கட்டும் ஸ்டோரேஜ் சேர்வர்களில் இந்தக் கார்டைப் போடுபவர்கள் பலர் பூட் ரொமை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் சேர்வர் சீக்கிரம் எழும்பும், அவர்கள் இந்தக் கார்டில் இருந்து பூட் செய்வதும் இல்லை. என் கைக்கு வந்த கார்டும் அப்படி ஒருவரிடம் இருந்து வந்திருக்க வேண்டும். கார்டின் ரொமைப் பார்க்கவும் எழுதவும் உள்ள எஸ்ஏஎஸ்2ஃப்ளாஷ் கருவியில் பட்டியலைக் கேட்டால் இரண்டு வரிகள் இதைச் சொல்லும்: பயோஸ் பதிப்பு, யூஇஎஃப்ஐ பிஎஸ்டி பதிப்பு. இரண்டுக்கும் நேரே "என்/ஏ", அதாவது இல்லை.

ஃபாட்32 பென் டிரைவில் யூஇஎஃப்ஐ ஷெல்லையும், எஸ்ஏஎஸ்2ஃப்ளாஷின் யூஇஎஃப்ஐ வடிவத்தையும், எக்ஸ்64எஸ்ஏஎஸ்2 என்ற ரொம் கோப்பையும் போட்டு, ரொமை மட்டும் எழுதினேன். முதன்மை ஃபேர்ம்வெயரைத் தொடவில்லை. அது ஏற்கெனவே சரியான பதிப்பில் இருந்தது, சரியாக இருப்பதைத் திரும்ப எழுதுவதில் ஆபத்துத்தான் உண்டு. பழைய பயோஸ் முறைக்கு எம்பிடிஎஸ்ஏஎஸ்2 என்று வேறு ரொம். எனக்கு யூஇஎஃப்ஐ போதும்.

எழுதிய பின்னும் பட்டியல் வெறுமையாக இருந்தால் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில் பிசிஐஇ ஸ்லொட்டின் ஒப்ஷன் ரொம் அமைப்பை, அதாவது கார்டின் பூட் ரொமை எந்த முறையில் ஏற்பது என்ற தெரிவைப் பாருங்கள். அணைத்தது, பழைய முறை, யூஇஎஃப்ஐ என்று மூன்று தெரிவுகள் இருக்கும். இங்கே அது பழைய முறையில் நின்றது. மாற்றியதும் இரண்டு டிரைவும் பட்டியலுக்குள் வந்தன. இந்த இரண்டு படிகளும் எஸ்எஸ்டிக்கு வெளியே இருப்பவை. எஸ்எஸ்டியை எத்தனை தடவை ஃபோர்மட் செய்தாலும் இவை சரியாகாது, ஆனால் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் மறுபடி ஃபோர்மட்டுக்குத்தான் ஓடுவார்கள்.

பார்ட்டிசன்

இது பலருக்கும் தெரிந்த பகுதி, வேகமாகச் சொல்கிறேன். இரண்டு டிரைவிலும் ஜிபிடி வகைப் பார்ட்டிசன் அட்டவணை. முதலில் 512 எம்பி யூஇஎஃப்ஐ பூட் பார்ட்டிசன், வகை இஎஃப்00, ஃபாட்32. அடுத்து 300 ஜிபி, இரண்டு டிரைவுக்கும் பொதுவான ரேய்ட்1 பிரதி, லினக்ஸின் எம்டிஎட்எம் கருவி மூலம். அதன் மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. மிச்ச இடத்தைப் பார்ட்டிசன் ஆக்காமல் வெறுமையாக விட்டேன். சோதனைக்கு எழுதியதை அங்கிருந்து விடுவித்திருந்தால், எஸ்எஸ்டி தன் உள் வேலைகளுக்கு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், நீண்ட காலத்தில் வேகமும் ஆயுளும் நிற்கும்.

லைவ் பென் டிரைவையே யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்திருக்க வேண்டும் என்பது முக்கியம். /சிஸ்/ஃபேர்ம்வெயர்/இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். இல்லையென்றால் நிறுவல் முடிந்தபின் பூட் பதிவை எழுத முடியாது.

விரிவாகச் சொல்ல வேண்டியது பூட் பார்ட்டிசனைப் பற்றி. இயங்குதளம் இருக்கும் வேர் கோப்பு முறைமை இரண்டு டிரைவிலும் பிரதியாக இருக்கிறது, ஆகவே ஒன்று செத்தாலும் சேர்வர் எழும்பும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஃபேர்ம்வெயருக்கு ரேய்ட் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஃபாட் மட்டும். இயங்குதளத்தை நிறுவும்போது டெபியன் பூட் கோப்புகளை ஒரு டிரைவில்தான் போடும். அந்த டிரைவ் போனால் மற்ற டிரைவில் எல்லாத் தரவும் இருந்தும் சேர்வர் கறுப்புத் திரையோடு நிற்கும். ஆகவே இரண்டாவது டிரைவின் ஃபாட் பார்ட்டிசனுக்கும் அதே கோப்புகளை நகல் எடுத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் மூலம் அதற்கெனத் தனிப் பூட் பதிவு உருவாக்கினேன். இயங்குதளத்தை எழுப்பிவிடும் கிரப் பொதி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நகல் எடுக்க ஒரு சிறிய ஸ்கிரிப்ட்.

இன்னொரு காப்பும் வைத்தேன். பூட் பதிவுகள் மதர்போர்டின் நினைவகத்தில் இருப்பவை. பயோஸைத் தொடக்க நிலைக்குத் திருப்பினால் சில பலகைகளில் அவை அழிந்துவிடும். பதிவு எதுவும் இல்லாதபோது ஃபேர்ம்வெயர் கடைசியாகத் தேடும் இடம் ஒன்று உண்டு: இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ. கிரப்பை நிறுவும்போது ரிமூவபிள் என்ற தெரிவைக் கொடுத்தால் அந்த இடத்திலும் ஒரு பிரதி விழும். இரண்டு டிரைவிலும் செய்தேன்.

அப்புறம், எந்தப் பார்ட்டிசனை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பு. பூட் பார்ட்டிசன்களுக்கான வரிகளில் நோஃபெயில் என்று சேர்க்காவிட்டால், ஒரு டிரைவ் இல்லாத அன்று, லினக்ஸில் எல்லாவற்றையும் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி அந்தப் பார்ட்டிசனுக்காக 90 செக்கன் காத்திருந்துவிட்டு அவசர முறைக்குள் போய் நின்றுவிடும். ரேய்ட் வேலை செய்யும், கிரப் வேலை செய்யும், ஒரு ஃபாட் பார்ட்டிசன் இல்லாத குறைக்காகச் சேர்வர் நிற்கும். இந்த ஒரு சொல்லைப் பல வழிகாட்டிகள் சொல்வதே இல்லை.

சோதனையைக் குளிர்ந்த நிலையில் இருந்து செய்ய வேண்டும். மறுதொடக்கம் போதாது, மின் கேபிளைக் கழற்றிச் சற்று விட்டுப் போட வேண்டும். கரண்ட் போய் வரும்போது சேர்வர் எழும்பப் போவது அப்படித்தானே. முதல் டிரைவைக் கழற்றிப் பூட், பிறகு அதைப் போட்டு ரேய்ட் ஒத்திசைந்து முடிந்ததும் இரண்டாவதைக் கழற்றிப் பூட், கடைசியில் பயோஸைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, ஒப்ஷன் ரொம் அமைப்பை மட்டும் மீட்டு, பதிவுகள் இல்லாமல் பூட். ஒற்றை டிரைவில் எழும்பும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது, மற்ற டிரைவ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரேய்ட் தொடங்கும். எல்லா நிலையிலும் எழும்பியது. அதற்குப் பிறகுதான் படங்களின் ஹார்ட் டிஸ்க்குகளைத் திரும்ப மாட்டினேன்.

சூடு

9211 கார்ட் பலமான காற்றோட்டம் இருக்கும் ராக் சேர்வருக்காகச் செய்தது. டவர் பெட்டிக்குள் காற்று அந்தப் பக்கம் போவதே குறைவு. மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் அடிக்கும் பின்னேரங்களில் ஊரில் 35 பாகை தாண்டும், ஸ்டூடியோ பூட்டியிருக்கும் நேரத்தில் ஏசியும் இல்லை. கார்டின் வெப்பத்தகட்டின் மேல் ஒரு 40 மில்லிமீற்றர் விசிறியைத் திருகினேன். கையை வைக்க முடியாத சூடு, வைத்துக்கொண்டிருக்கக்கூடிய சூடாக இறங்கியது.

சூட்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரத்தின்படி, ஆயுளை முழுவதும் பயன்படுத்திய சேர்வர் எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 40 பாகையில் 3 மாதம் தரவைப் பிடித்து வைத்திருந்தால் போதும். வீட்டுப் பாவனை எஸ்எஸ்டிக்கு 30 பாகையில் ஒரு வருடம். நம் டிரைவ்கள் ஆயுளில் சிறிதளவே பயன்பட்டவை, ஆகவே அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். என்றாலும் "பூட் டிஸ்க்கின் பிரதி ஒன்றை எழுதி அலுமாரிக்குள் வைத்துவிடுவோம்" என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நம் ஊர் அலுமாரிக்குள் இருக்கும் சூட்டில் அதை நம்பி வருடக்கணக்கில் இருக்கக் கூடாது.

அதனால் மூன்றாவது டிரைவைத் தரவு எதுவும் இல்லாமல், 512க்கு ஃபோர்மட் செய்த நிலையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் வைத்திருக்கிறேன். பையின் மேல் "512, பாதுகாப்புத் தகவல் இல்லை, சோதித்தது" என்று எழுதியாயிற்று. ஓடும் டிரைவ் ஒன்று போனால் செய்ய வேண்டியதை அச்சடித்து, பெட்டியின் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். உயிரோடு இருக்கும் டிரைவின் பார்ட்டிசன் அட்டவணையை எஸ்ஜிடிஸ்க்கின் பெரிய ஆர் தெரிவால் புதியதற்கு நகல் எடுப்பது, பெரிய ஜி தெரிவால் அதற்குப் புதிய அடையாள எண்கள் கொடுப்பது, இரண்டாவது பார்ட்டிசனை ரேய்டில் சேர்ப்பது, முதல் பார்ட்டிசனை ஃபாட்32 ஆக்குவது, எஃப்எஸ்டாப்பில் அதன் புதிய எண்ணை மாற்றுவது, பூட் கோப்புகளை நகல் எடுத்துப் பதிவை எழுதுவது. ஆர் தெரிவில் புதிய டிரைவின் பெயர் முதலில் வரும், மூல டிரைவின் பெயர் கடைசியில். அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன், ஏனென்றால் அதைத் தலைகீழாக எழுதினால் வெற்று அட்டவணை நல்ல டிரைவின் மேல் ஏறிவிடும்.